ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கும் புல்வெட்டும் மெஷின்: கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு லேஅவுட்டில் இருக்கிறோம். பூங்காவுக்காக எங்கள் சங்கம் வாங்கிய, தானாக நகரும் பெட்ரோல் புல்வெட்டும் மெஷின் மூன்று வருடம் நன்றாக ஓடியது. வெயில் காலத்தில் புல் வளராததால் பிப்ரவரியில் ஷெட்டில் வைத்துவிட்டோம். மே மாத மழைக்குப் பிறகு வெளியே எடுத்தால், பத்துத் தடவை கயிறு இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சில நொடிகளில் நின்றும் விடுகிறது. ஓடுகிற கொஞ்ச நேரத்திலும் லிவரைப் பிடித்தால் முன்னே நகர்வதில்லை. மாலி (தோட்டக்காரர்) தள்ளிக்கொண்டுதான் போகிறார். கார்புரேட்டரும் கியர்பாக்ஸும் போய்விட்டன என்கிறார் மெக்கானிக். புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மெஷினில் இரண்டு கோளாறுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டுமே பெரும்பாலும் சின்னச் செலவில் சரியாகக் கூடியவை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. மெஷினுக்கு அடியில் கை வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றும்போதுகூட என்ஜின் ஒரு வெடி வெடித்துவிடலாம். விரல் போக அது போதும். உங்கள் மாலியிடமும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, என்ஜினுக்கு வருவோம். சில நொடி ஓடுகிறது என்றாலே பிளக்கில் தீப்பொறி வருகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் குறை பெட்ரோல் பக்கம். சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடியை, முழுதாக மூடியபடி ஓட்டிப் பாருங்கள். சோக்கில் தட்டுத்தடுமாறி ஓடி, திறந்ததும் நின்றால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டில் அடைப்பு என்று ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத்தான் நிற்கிறது என்றால் அது வேறு கதை. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு நுண்துளை இருக்கும், அது தூசியில் அடைத்திருக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் மறுபடி ஓடினால் மூடியைக் கழுவினால் போதும். உங்களுடையது முதல் வகை.

அடைப்புக்குக் காரணம் பிப்ரவரியில் டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல். மாதக்கணக்கில் நின்றால் அதில் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசின் மாதிரி ஒட்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் இறங்கும். அடியில்தான் ஜெட் இருக்கிறது, அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த வகைச் சிறு என்ஜின்களின் கையேடுகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் வரைதான் சம்மதம் என்று எழுதியிருப்பார்கள். தினமும் ஓடும் ஸ்கூட்டரில் பெட்ரோல் புதிதாகிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை ஓடி, பிறகு மூன்று மாதம் தூங்கும் மெஷினில்தான் இது வினையாகிறது. உங்கள் மெஷினை உங்கள் ஷெட்தான் கெடுத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது: பழைய பெட்ரோலை முழுக்க ஒரு கேனில் வடித்து எடுங்கள். மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது ஏரிக்குத்தான் போகும். பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், பல மாடல்களில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் கசடோ, கோலிகுண்டு போல உருளும் தண்ணீர்த் துளியோ தெரியும். நடுவிலிருக்கும் ஜெட்டை எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டும் பலிக்காது. கரண்ட் ஒயரைப் பிரித்தால் வரும் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அக்கம்பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளில் கை படும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அவை என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை, வளைக்கக் கூடாது.

சுத்தம் செய்த பிறகும் சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடினால், குறைந்த வேகத்துக்கான சின்ன ஜெட்டில் இன்னும் கசடு இருக்கிறது. இன்னொரு தடவை செய்யுங்கள். கூடவே ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காகித ஃபில்டரைத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கழுவக் கூடாது. ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஒரு சொட்டு ஆயில் பிசைந்து போடலாம்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. உங்கள் மாலி தோளில் மாட்டும் புதர்வெட்டியும் ஓட்டுவாரா? அதில் பெட்ரோலுடன் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலப்பார்கள். அதே கேனிலிருந்து இதற்கும் ஊற்றினால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும். இது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. 10டபிள்யூ-30 ஆயில் சுமார் அரை லிட்டர் பிடிக்கும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு கேன்களிலும் பெயிண்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி நகராத பிரச்சினை. என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் கியர்பாக்ஸுக்குப் போகிறது. லிவரைப் பிடித்தால் கேபிள் அந்த பெல்ட்டை இறுக்கும், அப்போதுதான் சக்கரம் சுற்றும். கேபிள் நாளாக நாளாகத் தொய்யும். என்ஜினை அணைத்துவிட்டு, நகரும் லிவரைப் பிடித்தபடி மெஷினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் சக்கரம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். லேசாக உருண்டு வந்தால், கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டரை இரண்டு மூன்று சுற்றுத் திருகிவிட்டு மறுபடி பாருங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் லிவரை விட்ட பிறகும் மெஷின் ஊர்ந்துகொண்டே இருக்கும், அது ஆபத்து.

அதில் சரியாகாவிட்டால் பெல்ட்டின் மூடியைக் கழற்றுங்கள். ஈரப்புல்லை வெட்டியிருந்தால் உள்ளே சிமென்ட் மாதிரி காய்ந்து இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்ததுமே ஓடிய மெஷின்கள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. பெல்ட் பளபளவென்று வழுக்கலாக இருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் கேட்கலாம், ஆனால் அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. இந்த பெல்ட் கிளட்ச் வேலையும் பார்க்கிறது, வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது. சாதாரண மோட்டார் பெல்ட் போட்டால் சீக்கிரமே கருகும். முடிந்தவரை கம்பெனி பெல்ட்டையே வாங்குங்கள்.

அடுத்தது சக்கரம். கழற்றினால் உட்பக்கம் பல் வரிசை தெரியும், பல மாடல்களில் அது பிளாஸ்டிக். மண்ணும் மணலும் சேர்ந்து தேய்த்திருக்கும். அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்குள் ஒரு கட்டை இருக்கும், அது முன்னோக்கிச் சுற்றும்போது மட்டும் பிடிக்கும். இடது வலது மாற்றிப் பூட்டினால் நகரவே நகராது. மாலி வளைவுகளில் லிவரை விடாமலே பின்னால் இழுக்கிறாரா என்று கவனியுங்கள், இந்தப் பற்கள் தேய அதுவும் ஒரு காரணம். சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க, ஓடும் மெஷினின் பின்பக்கத்தைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்ய விடாதீர்கள். பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்.

பிளேடு என்றதும் சொல்ல வேண்டியது: மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்கும் ஃபில்டருக்கும் ஏறி, ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கிளம்பும். பிளேடை அரத்தால் பழைய கோணத்திலேயே தீட்டி, நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமமில்லாத பிளேடு மெஷின் முழுவதையும் உலுக்கும்.

நம் லேஅவுட் புல்தரையில் ஜல்லிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்கும் பஞ்சமில்லை. ஒருமுறை என்னிடம் ஒரு மெஷின் வந்தது. கயிறு இழுத்தால் கையைச் சுண்டி இழுத்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குள் பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். கல்லில் அடித்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார் அதை ஓட்டியவர், அதுவரை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. என்ஜின் அச்சில் ஃப்ளைவீலை (கனமான சுழல்சக்கரத்தை) நகராமல் பிடித்திருக்கும், 'சாவி' என்று சொல்லும் சின்ன உலோகத் துண்டு பாதி வெட்டுப்பட்டிருந்தது. அடி பட்டால் பெரிய பாகங்கள் தப்பட்டும் என்றுதான் அதை மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். அது நகர்ந்தால் தீப்பொறி வரும் நேரம் மாறிவிடும். உங்கள் மாலியிடமும் கேளுங்கள். திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

மே முதல் அக்டோபர் வரை இங்கே மழை பெரும்பாலும் மாலையில். அதனால் காலையில் பனியும் ஈரமும் உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் வெட்டச் சொல்லுங்கள். நெடுநாள் விட்ட புல்லை முதல் நாள் உயரமாக வைத்து வெட்டி, சில நாள் கழித்து இறக்குங்கள். ஒரு வெட்டுக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பெட்ரோல் ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். அடுத்த பிப்ரவரியில் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி, அப்புறம் ஷெட்டில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் நகரவில்லை என்றால் மெக்கானிக் சொல்கிறபடி கியர்பாக்ஸைத் திறக்கலாம். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். தேய்ந்த பல்லைக் காட்டினால் மாற்றுங்கள், காட்ட முடியாவிட்டால் மூடச் சொல்லுங்கள்.