குடியை விட்டவர் குடிநோயாளிகளோடு பழகலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. சிகிச்சை பெற்ற மையத்திலேயே, புதிதாக வருபவர்களுக்குத் துணையிருக்கும் வேலையில் மூன்று மாதமாக இருக்கிறார். நாள் முழுக்கக் குடிகாரர்களோடு இருந்தால் பழக்கம் மறுபடி தொற்றிக்கொள்ளாதா? குடித்த மூளை தேறவே தேறாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இனிப்பும் டீயும் அதிகம் கேட்கிறார். பாதுகாப்புக்காக, இணையத்தில் வாங்கிய பொடியைக் காபியில் கலந்து கொடுக்கிறேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொன்னாரென்று மனச்சோர்வு மாத்திரையை ஒரு மாதமாக விட்டுவிட்டார். மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: தொற்றாது. டாஸ்மாக் வாசலில் பழைய கூட்டாளிகளோடு நிற்பது வேறு. கை நடுங்க வந்து படுத்திருப்பவரின் கட்டில் அருகே உட்கார்ந்திருப்பது வேறு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போன பில் வில்சன், போன காரியம் கைகூடாமல், குடித்துவிடுவோமோ என்று பயந்தார். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தேடிப் பிடித்தவர் பாப் ஸ்மித், ஓர் அறுவை மருத்துவர். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்கள் பிறந்தது அப்படித்தான். பேசப் போனவர் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது முதலில் தன்னைத்தான்.

என்னிடம் வருபவர் "எப்போதாவது ஒரு குவார்ட்டர், டாக்டர்" என்பார். நானும் எழுதிக்கொள்வேன். குடித்து மீண்டவர் உட்கார்ந்து, "பாட்டிலை எங்கே ஒளித்து வைப்பீர்கள், பைக் பெட்டியிலா, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலா?" என்று கேட்டால், அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிடுவார். சம்பள நாள் சாயங்காலம் போன் செய்து "வீட்டுக்குப் போய்விட்டீர்களா?" என்று கேட்பதற்கும் மருத்துவரைவிட அவரே பொருத்தமானவர். ஆகவே உங்கள் கணவர் செய்வது நல்ல வேலை. ஆனால் அடுத்தவருக்குத் துணையிருப்பது அவருடைய சிகிச்சைக்கு மாற்றாகாது. ஊழியராக இல்லாமல், குடிநோயாளியாக மட்டும் போய் உட்கார அவருக்கென்று ஒரு கூட்டம் வேண்டும். அதை விட்டுவிட்டாரா என்று கேளுங்கள்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மனச்சோர்வு திரும்புவதற்கான அடையாளம் இது. குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில் தற்கொலை ஆபத்து அதிகம். இந்த வாரமே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீதியிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதற்கு முன், இன்றிரவே, "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸில், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த அண்ணன் நல்ல மனிதராகவே இருக்கட்டும். மாத்திரையை ஊன்றுகோல் என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா மையங்களிலும் உண்டு. தான் மீண்ட வழியைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அடுத்தவரின் மருந்துச் சீட்டில் கைவைக்க இல்லை. ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. மையத்தின் பொறுப்பாளரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். வேறு யாருக்கெல்லாம் இதே அறிவுரை போயிருக்கிறதோ!

பொடிக்கு வருகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவரும் சொல்லமாட்டார். குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்து, அவர் ஒரு நாள் தவறிக் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பதினோரு மாதம் குடிக்காமல் இருப்பவருக்கு இது எதற்கு? இன்றோடு நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கணவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடித்தால் உங்கள் கையால் சாப்பிடவே யோசிப்பார்.

உங்களுக்கும் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தினர் கூடும் அல்-அனான் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்று மையத்தில் விசாரியுங்கள்.

வீடியோ சொன்னதை மறந்துவிடுங்கள்; குடியை விட்ட மூளை மாதக்கணக்கில் பெருமளவு தேறும். இனிப்பு ஆசை குடியை விட்ட பலருக்கும் வருவதுதான். மாலைக்குமேல் டீ வேண்டாம், தூக்கம் இன்னும் கெடும். மருத்துவமனைக்குப் போகும்போது ரத்தத்தில் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.