கூட்டுத்தொகை 9, நம்பரும் பிரைமா? நடக்காதுங்கண்ணா

பாலக்கோட்டுல தக்காளி மண்டி வச்சிருக்கற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. ஓசூர் புரோக்கர் ஒருத்தர் ஃபேன்சி மொபைல் நம்பர் தர்றாராம், பத்து இலக்கமும் சேர்ந்து பிரைம் நம்பராம், கூட்டுத்தொகையும் 9 வருதாம், கோடியில ஒண்ணுதான் இப்படி அமையும் 12 ஆயிரம் குடுங்கன்றாராம், வாங்கலாமா?

வேணாங்கண்ணா. அந்த ரெண்டும் ஒரே நம்பர்ல இருக்கவே முடியாது. இலக்கத்தையெல்லாம் கூட்டி, வர்றதை மறுபடி கூட்டி, கடைசியில 9 நின்னா அந்த நம்பர் 9-ஆல வகுபடும், அப்புறம் எங்க பிரைம், அதான் 1-ஐயும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாத பகா எண்? 3, 6 நின்னாலும் போச்சு, 3-ஆல வகுபட்டுடும். இதுல தப்பிக்கறது 3-ங்கற எண் ஒண்ணுதான். அதைக் கூட்டினாலும் 3, அது பகா எண்ணும்கூட, ஏன்னா அதை 3-ஆல வகுத்தா அதுவே அதை வகுத்துக்குது, வெளியாள் யாரும் வகுக்கல. புரோக்கர் இதைச் சொல்லி மடக்குவாரு, விடாதீங்க. 3-ங்கறது ஒரே ஒரு இலக்கம், அவர் விக்கறது பத்து இலக்கம்.

அபூர்வம்ன்றதும் சும்மா. பத்து இலக்க எண் மொத்தம் 900 கோடி, அதுல பகா எண் 40,42,04,977, கிட்டத்தட்ட 22-க்கு ஒண்ணு. உங்க மண்டிக்கு வர்றவங்க நம்பரை வாங்கிப் பார்த்தாலே ரெண்டு மூணு சிக்கும்.

கடைசி இலக்கம் 1, 3, 7, 9-னா பிரைம்னு சொல்லி விக்கறவங்களும் இருக்காங்க. தர்மபுரி பின்கோடு 636701-ஐ எடுத்துக்கங்க, ஒத்தைப்படை, 5-ல முடியல, கூட்டினா 23 அதனால 3 ஆகாது, 7, 11 போட்டாலும் மீதி நிக்குது, பார்க்க பிரைம் மாதிரியே இருக்கும், ஆனா 13 × 48,977. கிருஷ்ணகிரி 635001 அவ்ளோ தூரம்கூட தாங்காது, 3-லயே மாட்டிக்கும். பத்து இலக்கத்தைக் கையால சோதிக்கணும்னா 1 லட்சத்துக்குள்ள இருக்கற 9,592 பகா எண்ணாலயும் வகுக்க வேண்டி வரலாம், செல்லுல போட்டா உடனே சொல்லிடும். வகுபடும் விதியெல்லாம் ஸ்கூல்லயே நடத்தறாங்க, நடத்தி என்ன, மார்க் வாங்கினதும் மறந்துடணும்ன்ற மாதிரிதான நடத்தறாங்க. கம்பெனிக்காரங்களே நம்பர் அழகைப் பார்த்து ரேட் போடறப்ப புரோக்கரை மட்டும் என்ன சொல்ல.

பிரைம் நம்பரை ஹேக் பண்ண முடியாதுன்னும் அளப்பாங்க. ரகசியக் குறியீட்டுக்கு எடுக்கறது நூத்துக்கணக்கான இலக்கம் உள்ள பகா எண், அதையும் வெளிய காட்ட மாட்டாங்க. உங்க நம்பர் கடை போர்டுலயே இருக்கும்.

கணக்கு இடிச்சா "முன்னாடி 91 சேர்த்துப் பாருங்க"ன்னு வருவாரு. சேர்த்தா அது வேற எண், பன்னெண்டு இலக்கம், அவர் பெருமையா சொன்ன 9-ம் 1-ஆ மாறிடும். 91-ஏ பிரைம் இல்ல, 7 × 13.

அட்வான்ஸ் குடுத்துட்டீங்களான்னு எழுதல. குடுத்திருந்தா அந்த சிம் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல கேளுங்க, பழைய ஆள் பேர்லயே இருந்து நாளைக்கு அவர் டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா உங்க பேங்க் ஓடிபி அவருக்குத்தான் போகும்.