குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகலாமா? சேலத்திலிருந்து சில கேள்விகள்

நான் இளங்கலையில் சமூகவியலும் முதுகலையில் குற்றவியலும் படித்தவள். தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அக்கா, குற்றவியல் படித்தால் கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கலாமா? (மாணவி, அஸ்தம்பட்டி)

இல்லைம்மா. கைரேகை, ரத்தக்கறை எல்லாம் தடய அறிவியல். அதற்கு அறிவியல் பாடப் பின்னணி வேண்டும். துப்புத் துலக்குவது போலீஸ் வேலை. எதைக் குற்றம் என்கிறோம், யார் மேல் வழக்கு விழுகிறது, உள்ளே போனவர் வெளியே வந்தால் என்ன ஆகிறார் என்பவைதான் நம் கேள்விகள்.

எங்கே படிக்க வைப்பது? வேலை கிடைக்குமா? (ஒரு தகப்பனார், ஓமலூர்)

சமூகவியலுக்கு நம் பெரியார் பல்கலைக்கழகமே இருக்கிறது. குற்றவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும் சார், அதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண். பேராசிரியர் ஆக நெட் தேர்வு இரண்டு பாடங்களுக்குமே உண்டு.

டர்க்கைம், சதர்லேண்ட் என்று வெளிநாட்டு சமூகவியல் அறிஞர்களை மனப்பாடம் செய்கிறோம். நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு? (இரண்டாம் ஆண்டு மாணவர், ஆத்தூர்)

பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் எங்கே தொடங்கியது? நம் சேலத்தில்தான். பெண் சிசுவைக் கொல்வது சட்டப்படி கொலை, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஏன் பெண், ஏன் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது பெண், யாருக்கு வரதட்சணை பயம் என்று கேட்டால் பாடம் ஆரம்பிக்கிறது. அப்புறம் ஸ்கேன் வந்தது. பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டமும் வந்தது. கள்ளிப்பால் என்றதும் ஊரே அந்தத் தாயைத் திட்டியது. ஸ்கேன் அறையில் ரகசியமாகச் சொன்னவரை யாரும் அப்படித் திட்டவில்லை. மதிப்புள்ள மனிதர்கள் தொழிலின் போர்வையில் செய்யும் குற்றத்துக்கு 1939இலேயே சதர்லேண்ட் 'வெள்ளைக்காலர் குற்றம்' என்று பேர் வைத்துவிட்டார். இதை எழுதிப் பாருங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

எங்கள் மலையில் வழக்கே குறைவு. அப்படியென்றால் குற்றமும் குறைவுதானே? (மாணவர், ஏற்காடு)

ஸ்டேஷனில் பதிவானது மட்டுமே அந்தக் கணக்கு, தம்பி. காபி எஸ்டேட்டில் கூலிக்குப் போகிற ஒரு அக்கா புகார் கொடுக்க வந்தால் அன்றைய கூலி போச்சு. கோர்ட் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தது எந்த ஏட்டிலும் ஏறாது. பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் கேளுங்கள். சொன்னவர் பெயரை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். சின்ன ஊரில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

மத்திய சிறைக்குள் போய்க் கைதிகளிடம் பேட்டி எடுக்க முடியுமா? (எம்.ஏ. மாணவி, அம்மாபேட்டை)

சிறைத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், நாளாகும். அதுவரை ஒரு வாரம் கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணையை யாரும் பார்க்கலாம். ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீன் தர ஒருவரும் வராமல் நிற்பவர்கள் யார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.