நியூயார்க் பையரைப் பார்க்கப் போகிறீர்களா? ‘டூரிஸ்ட்’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: கரூரில் கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்பு தயாரித்து ஏற்றுமதி செய்கிறேன். இத்தனை வருடமும் ஒரு பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கே சரக்கு பிடித்துக் கொடுக்கும் இடைநிறுவனம்) மூலமாகத்தான் வியாபாரம். இந்த முறை என் சரக்கை வாங்கும் நியூயார்க் பையர் என்னையே நேரில் வரச் சொல்கிறார். வீட்டுத் துணி வியாபாரிகள் அங்கே கூடும் செப்டம்பர் மார்க்கெட் சமயத்தில் எட்டு நாள் போக வேண்டும். இதுதான் முதல் அமெரிக்கப் பயணம். விசா எடுத்துத் தரும் ஏஜென்ட், “பிசினஸ் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். சாம்பிளைப் பெட்டியில் வைக்காதீர்கள், கூரியரில் போடுங்கள்” என்கிறார். அவர் சொல்கிறபடி செய்யலாமா? அங்கே பையரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லவும்.

பதில்: செய்யாதீர்கள். இந்தியர்களுக்கு அமெரிக்கா வழக்கமாகக் கொடுப்பது பி-1, பி-2 இரண்டும் சேர்ந்த விசா. பி-1 வியாபாரத்துக்கு, பி-2 சுற்றுலாவுக்கு. இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஒன்றுதான், 185 டாலர். இரண்டும் ஒரே ஸ்டிக்கரில் வருகிறது. சுற்றுலா என்று சொன்னால் பணமும் குறையாது, வரிசையும் குறையாது. பிறகு எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஏஜென்டுக்கு அது வசதி. ஐம்பது பேருக்கு ஒரே பதிலை எழுதிக் கொடுத்துவிடலாம், உங்கள் தொழிலைப் பற்றி அவர் தெரிந்துகொள்ளவே வேண்டாம்.

மாட்டினால் மாட்டுவது நீங்கள். முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னதாக ஒரு அதிகாரி முடிவு கட்டிவிட்டால், ஆயுள் முழுக்க அந்த நாட்டுக்குள் போக முடியாத நிலை வரலாம். விமான நிலையத்தில் உங்கள் போனைத் திறந்து காட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ‘ஊர் சுற்ற வந்தேன்’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க, வாட்ஸ்அப்பில் பையர் அனுப்பிய மீட்டிங் நேரம் மேலேயே நிற்கும். அதற்குக் கீழே ஏஜென்டின் வாய்ஸ் மெசேஜ்.

உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் சரியான சொல்லில் சொல்லுங்கள். இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். முதல் தடவை போனபோது, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். மனசுக்குள் ‘ஒரு வேலையா வந்தேன்’ என்று ஓடியது. வாயில் ‘ஐ கேம் ஃபார் சம் வொர்க்’ என்று வந்துவிட்டது. நமக்கு வங்கிக்குப் போவதும் வேலை, கல்யாணத்துக்குப் போவதும் ஒரு வேலைதான். அவர்களுக்கு ‘வொர்க்’ என்றால் சம்பளத்துக்கு உழைப்பது. அதற்கு இந்த விசாவில் இடம் கிடையாது. உள்ளே தனி அறையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எந்தக் கிடங்கில் வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தப்பு என்னுடையதுதான். அதனால் ‘வொர்க்’ என்ற சொல்லை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். “பிசினஸ். டு மீட் மை பையர். ஐ மேக் கிச்சன் டவல்ஸ் இன் இந்தியா. எய்ட் டேஸ்.” இவ்வளவு போதும். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சென்னையில் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலைத் தமிழிலேயே கொடுக்கலாம். அங்கேயும் ‘வேலை’ என்று ஆரம்பிக்காமல் ‘வியாபாரம்’ என்றே சொல்லுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும்: ஆர்டர் வாங்கலாமா? வாங்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. வெளிநாட்டில் உற்பத்தியாகும் பொருளுக்கு ஆர்டர் பிடிக்க வரும் வியாபாரிக்கு பி-1 சரியான விசா. விலை பேசலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், கண்காட்சிக்குப் போகலாம். சரக்கு கரூரில் தறியில் ஓடி, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறி, பணம் உங்கள் இந்தியக் கணக்குக்கு வருகிறது. நீங்கள் அமெரிக்காவில் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

ஆனால் பெட்டியில் நாற்பது பெட்ஷீட் கூடுதலாக வைத்துக்கொண்டு போய், நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு வரும் தெரிந்தவர்களிடம் விற்றுவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே கையில் சரக்கைக் கொடுத்துக் காசு வாங்கினால் அது விற்பனை. அதே மாதிரி இன்னொன்று. போன ஷிப்மென்டில் லேபிள் மாறிப்போய்விட்டது, பையர் கிடங்குக்கு வந்து பார்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், தள்ளுபடி பேசி முடிக்கலாம். “நீங்களே இரண்டு நாள் இருந்து லேபிளை மாற்றித் தைத்துக் கொடுத்துவிடுங்களேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அது உடல் உழைப்பு. நம் சரக்குதானே, நாம் தானே சரிசெய்கிறோம் என்று தோன்றும். சட்டத்துக்கு அப்படித் தோன்றாது. உள்ளூர் ஆள் வைத்துச் செய்யுங்கள், கூலியை, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாம்பிள் விஷயத்திலும் ஏஜென்ட் சொன்னது வெறும் வதந்தி. கூரியரில் போட்டால் வரி இல்லை என்ற காலம் போய்விட்டது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். பெட்டியிலேயே தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆர்டர் பிடிக்க மட்டுமே பயன்படும் சாம்பிள், ஒன்று ஒரு டாலருக்கு மேல் மதிப்பில்லாததாக இருக்க வேண்டும், அல்லது விற்க முடியாதபடி கிழித்தோ, துளை போட்டோ, குறியிட்டோ இருக்க வேண்டும். அப்படியிருந்தால் அதற்கு வரி இல்லை. பெட்டி கட்டும் முன்பே ஒரு கத்தரிக்கோலும் அழியாத மார்க்கரும் எடுத்துக்கொள்ளுங்கள். டவலை விரித்து, நட்ட நடுவில் நன்றாகத் தெரியும்படி ஒரு வெட்டு. பக்கத்தில் ‘சாம்பிள், நாட் ஃபார் சேல்’ என்று பெரிய எழுத்தில். நல்ல துணியைக் கெடுக்க மனசு வராமல் சிலர் ஓரத்தில் அரை அங்குலம் வெட்டுவார்கள். மடித்துத் தைத்தால் மறைந்துவிடுகிற வெட்டைச் சுங்கத்துறை வெட்டாக எடுத்துக்கொள்ளாது. நெசவையும் கனத்தையும் தொட்டுப் பார்க்க நடுவில் ஓட்டை இருப்பது பையருக்குத் தடையில்லை. அவர் மேசையில் கிடக்கும் மற்ற நாட்டு சாம்பிளும் அப்படித்தான் இருக்கும். சுங்கத்தில் கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அம்மா வைத்துவிட்ட கறிவேப்பிலையை மட்டும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். எலுமிச்சைக் குடும்பச் செடி என்பதால் பச்சை இலைக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம் போடுவார்கள்.

இப்போது ஏஜென்ட். எவ்வளவு கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்தவரை மூன்று பெயரில் பணம் கறப்பார்கள். முதலாவது, ‘சீக்கிர ஸ்லாட்’. நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காக்க வைக்கும் இந்த அமைப்பு ஒரு கொடுமை, மறுக்கவில்லை. 185 டாலரைக் கட்டி, விசா மறுத்தாலும் திரும்ப வராது என்று தெரிந்தும் கை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த எரிச்சலில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். மென்பொருள் வைத்துத் தேதிகளை மொத்தமாகப் பிடித்து விற்பார்கள். 2025 மார்ச்சில் அப்படிப் பிடித்த சுமார் 2,000 தேதிகளை அமெரிக்கத் தூதரகம் ஒரே அடியாக ரத்து செய்தது. பணம் போனது யாருக்கு?

இரண்டாவது, ‘அழைப்புக் கடிதம்’. இந்த விசாவுக்கு அழைப்புக் கடிதம் கட்டாயமே இல்லை. உங்கள் பையர் அனுப்பிய மின்னஞ்சல், பழைய இன்வாய்ஸ், ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண், வருமான வரிக் கணக்கு இருந்தால் போதும். அதையும் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள், பேச்சைத்தான் பார்ப்பார்கள். திரும்பி வர உங்களுக்குக் காரணம் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஓடுகிற தறியும் உங்களிடம் சம்பளம் வாங்குகிற ஆட்களும் அதற்குப் பதில். பையர் கடிதம் கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து யாரிடமும் வாங்காதீர்கள்.

மூன்றாவதுதான் மோசம். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை ஏஜென்டே நிரப்பி, தன் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவார். கடவுச்சொல் அவரிடம். பிறகு தேதி மாற்ற வேண்டும் என்றால் அதற்கொரு காசு. எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் படிவத்தில் தொழில் ‘விவசாயம்’ என்று இருந்தது, நேர்காணல் ஜன்னலில்தான் தெரிந்தது. படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்று அதிலேயே ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கும் ‘இல்லை’ என்றே அடித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் மகனையோ, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள். ஏற்கெனவே ஏஜென்ட் சமர்ப்பித்துவிட்டார் என்றால் அதன் பிரதியை இன்றைக்கே கேட்டு வாங்கி வரிக்கு வரி படியுங்கள். தப்பு இருந்தால் புதுப் படிவம் போடலாம்.

விசா பத்து வருடத்துக்கு வந்தாலும் அங்கே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். ஹோட்டலுக்குப் போனதும் இணையத்தில் எடுத்துப் பாருங்கள், பி-1 என்று இருக்கிறதா, தேதி சரியா என்று. காசு கிடையாது. இதையும் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தளங்கள் உண்டு.

ஏஜென்டிடம் தப்பித்தால் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலைய வாசலில் அடுத்தவர் நிற்பார். “டாக்சி, சார்?” என்று உங்களைத் தேடி வருகிறவர் யாரானாலும் நிமிர்ந்தே பார்க்காதீர்கள். வெளியே மஞ்சள் டாக்சி வரிசை இருக்கிறது. மன்ஹாட்டனுக்கு நிலையான கட்டணம் 70 டாலர். மேலே சில்லறைக் கட்டணங்கள், சுங்கச்சாவடி, டிப்ஸ்.

பையரிடம் நடந்துகொள்வது பற்றி. நியூயார்க்கில் உங்கள் தொழிலுக்கான ஷோரூம்கள் ஐந்தாவது அவென்யூவில் நிறைய, 230-ஆம் எண் கட்டடம் அதற்கே பெயர் போனது. மார்க்கெட் வாரத்தில் பையருக்கு ஒரு நாளில் பத்து சந்திப்பு இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது அரை மணி. ‘ஹவ் ஆர் யூ’ என்றால் ‘குட், ஹவ் ஆர் யூ’, அவ்வளவுதான். சார், மேடம் வேண்டாம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வயதில் பெரியவரைப் பெயர் சொல்ல நாக்கு கூசும், இரண்டாவது நாள் பழகிவிடும். எத்தனை குழந்தைகள், என்ன மதம் என்றெல்லாம் நம் ஊர் அன்பில் கேட்காதீர்கள்.

நம்மிடம் ஒரு ‘பண்ணிரலாம் சார்’ இருக்கிறதே, அதுதான் பெரிய ஆபத்து. “நவம்பர் முதல் வாரம் ஷிப் ஆகுமா?” என்று கேட்பார். பார்க்கிறேன் என்ற அர்த்தத்தில் நீங்கள் தலையை ஆட்டி ‘நோ ப்ராப்ளம்’ என்பீர்கள். அவர் அதைத் தேதியாகக் குறித்துக்கொள்வார். முடியாது என்றால் முடியாது என்று சொல்லி, எந்தத் தேதியில் முடியும் என்று சொல்லுங்கள். அவர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபக்கம், ‘வெரி இன்ட்ரஸ்டிங், வீ வில் சர்க்கிள் பேக்’ (பிறகு பேசுகிறோம்) என்று அவர் சொன்னால் ஆர்டர் கிடைத்துவிட்டதாக ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். அனேகமாக அது ‘இல்லை’. சுங்க வரி பேச்சு கண்டிப்பாக வரும். 2025-இல் 50 சதவீதம் வரை ஏறியதிலிருந்து எல்லாருக்கும் அதே கவலை. வரியில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சாப்பாட்டு மேசையில் வாய் விடாதீர்கள். ஊருக்கு வந்து கணக்குப் போட்டு எழுத்தில் பதில் சொல்கிறேன் என்றால் போதும்.

குத்துவிளக்கு, பட்டு எதுவும் வேண்டாம். பெரிய நிறுவனங்கள் சப்ளையரிடம் பரிசு வாங்குவதைத் தடை செய்திருக்கின்றன, வால்மார்ட் அதில் ரொம்பவே கறார். உங்கள் விளக்கை என்ன செய்வதென்று பையர் தன் நிறுவனத்தின் சட்டத்துறைக்குக் கடிதம் எழுத வேண்டிவரும்.

சாப்பிடக் கூப்பிட்டவர்தான் பில் கட்டுவார். நீங்கள் கூப்பிட்டிருந்தால் டிப்ஸ் உங்கள் தலையில். நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம், பில்லில் அச்சாகியிருக்கும். அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 18 சதவீதம், அதைக் கொடுங்கள். சர்வருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பழிவாங்க சர்வர் ஆள் இல்லை. காபிக் கடையில் திரையைத் திருப்பிக் காட்டினால் மட்டும் ‘நோ டிப்’ அழுத்தலாம், வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறதா? நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அப்படியானால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடித்திருப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஷோரூம் கட்டடங்களில் கீழே செக்யூரிட்டி மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். பையர் உங்களை ‘குமார்’ என்று பதிந்துவைத்து, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் மேலே விட மாட்டார்கள். அதனால் ஒரு வாரம் முன்பே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத்துக்கூட்டி அவர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் மேசையில் இருப்பவர் “மிஸ்டர் ஃபனூ?” என்று கூப்பிட்டால் அது நீங்கள்தான், எழுந்து போங்கள்.