பத்து நாள் அம்மா எங்கே குளிப்பார்?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உசிலம்பட்டி பக்கம் எங்கள் சொந்த வீடு, அப்பா 1994இல் கட்டியது. சிமெண்ட் தரை பெயர்ந்துவிட்டதால் கூடம், இரண்டு அறை, சமையலறை எல்லாவற்றுக்கும் டைல்ஸ் போடப் போகிறோம். கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை ஒன்றுதான், அதையும் மாற்றுகிறோம். ஊர் மேஸ்திரி கூலி மட்டும் பேசுகிறார், சாமான் நாங்கள் வாங்கித் தர வேண்டும். மதுரை கான்ட்ராக்டர் ஒருவர் பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகச் சொல்கிறார், பாதிப் பணம் முன்பே கேட்கிறார். பொங்கலுக்குள் முடிய வேண்டும். அம்மாவுக்கு 69 வயது, தனியாக இருக்கிறார். மூட்டு வலியால் வெளியே எங்கும் போவதில்லை, அதனால் வேலை நடக்கும் பத்து நாளும் அவரே கூட இருந்து பார்த்துக்கொள்வார். அந்தக் கவலை இல்லை. டைல்ஸ் நானும் மனைவியும் தேர்வு செய்துவிட்டோம், பளபளப்பான வெள்ளை. ஏமாறாமல் இருக்க யாரிடம் கொடுக்கலாம்?

- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஊர் மேஸ்திரியா, டவுன் கான்ட்ராக்டரா என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதமே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். “அந்தக் கவலை இல்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

தம்பி, நடக்க முடியாமல் வீட்டிலேயே இருப்பவர் என்பதையே காரணமாக வைத்து அவரைக் காவலுக்கு நிறுத்துகிறீர்கள். பழைய தரையைக் கொத்தத் தொடங்கினால் வீடு முழுக்கத் தூசி. கட்டிலும் பீரோவும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும். டைல் ஒட்டிய இடத்தில் ஒரு நாளாவது கால் வைக்கக் கூடாது. சரி, இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிற ஒரே குளியலறையையும் பெயர்க்கிறீர்கள். பெயர்த்து, வாட்டர் ப்ரூஃப் பூச்சு பூசி, அது காய்ந்து, தண்ணீர் தேக்கிக் கசிகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்து, பிறகு டைல் ஒட்டி, இடுக்குகளை அடைத்து முடிக்க ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம் அம்மா எங்கே போவார்? இரவு இரண்டு மணிக்கு, அந்த முட்டியோடு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாரா? தட்ட மாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

அப்புறம், “பார்த்துக்கொள்வார்” என்றால் என்ன? வேலையாட்களுக்கு இரண்டு வேளை டீ போடுவார், நின்றுகொண்டே இருப்பார். கலவை சரியா, மட்டம் சரியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்து ஒரு டைல் தூக்கினால், “ஏம்மா, நீ பக்கத்தில்தானே இருந்தே?” என்று கேட்பீர்கள். இந்தப் பேச்சை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பணம் அனுப்புவதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது. பெற்றவளின் வீட்டைப் பெயர்க்கும்போது பிள்ளை அங்கே இருக்க வேண்டும். லீவு போடுங்கள். அம்மாவைக் கோவைக்கு அழைத்து வந்து விட்டுவிட்டு நீங்கள் ஊரில் தங்குங்கள். இதை மனைவியிடம் உத்தரவாகச் சொல்லாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். அந்த நாட்களில் மாமியாரைக் கவனிக்கப் போவது அவர்தானே. முழு லீவும் கிடைக்காது என்றால் குளியலறை வேலை நடக்கும் நாட்களிலும், கூடத்தில் டைல் ஒட்டும் முதல் நாளும் கட்டாயம் இருங்கள். பொங்கலுக்குள் லீவு கிடைக்காவிட்டால் தை, மாசியில் செய்யுங்கள். பொங்கலைப் பழைய தரையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தப் பளபளப்பான வெள்ளை. மூட்டு வலி உள்ளவர் தனியாக இருக்கும் வீட்டில் அதைப் போடவே கூடாது, ஈரமாகும் இடத்தில் நிச்சயம் கூடாது. கூடத்துக்கு மேட் ஃபினிஷ், குளியலறைக்கு ஆன்டி-ஸ்கிட் எடுங்கள். வழுக்காத தன்மைக்கு ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று குறியீடு உண்டு, எண் ஏற ஏற வழுக்கல் குறையும். குளியலறைக்கு ஆர்-10க்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே ஒரு டைலில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலைத் தேய்த்துப் பாருங்கள். குளியலறைத் தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி டைல் போதும். பெரிய டைலில் நாலா பக்கமிருந்தும் தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பது கஷ்டம். சின்னதில் இடுக்குகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிமானமும் கிடைக்கும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். செலவு குறையும் என்று பழைய தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே ஒட்டச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தரை உயர்ந்து, ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவில் கால் இடறும் மேடு உண்டாகலாம். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. 1994இல் கட்டிய கிராமத்து வீடு என்றால் இந்தியன் டாய்லெட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து எழ அம்மா படும் பாட்டை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருப்பீர்களே? தரையைப் பெயர்க்கும் இந்த நேரத்தில் வெஸ்டர்ன் வைக்காவிட்டால், அப்புறம் புது டைல்ஸை உடைத்துத்தான் வைக்க வேண்டும். பிடித்து எழ ஸ்டீல் கம்பியும் வேண்டும். அது டைலோடு நிற்காமல் உள்ளே செங்கல் சுவர்வரை திருகி இறங்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் பைப் போகாதபடி முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஊர் மேஸ்திரியிடமே கொடுங்கள். நாளை ஓதம் அடித்தால் வீடு தேடிப் போய்க் கூப்பிடலாம். பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டவரை அப்படிக் கூப்பிட முடியாது. ஆனால் அவர் இரண்டு வருடத்துக்கு முன் வேலை செய்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூடத்தைப் பார்க்க வேண்டாம், குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள்.

சாமானை நீங்களே வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பரணில் வையுங்கள். நீங்கள் வாங்குவது விட்ரிஃபைட் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய வகை) டைல் என்றால் அது அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள பசைதான் போட வேண்டும். மேஸ்திரி நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள், உள்ளே காலியாக இருந்தால் சத்தத்திலேயே தெரியும். கூலியை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, குளியலறையை இரண்டு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அம்மாவிடம் பேசுங்கள். எந்த முட்டி அதிகம் வலிக்கிறது, எந்தக் கையை ஊன்றி எழுகிறார் என்று கேளுங்கள். கம்பி எந்தச் சுவரில் வர வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.