கேட்போரும் களனும்

அன்புள்ள ஐயா,

புரட்டாசியில் என் அம்மா காலமானார். மூன்றாம் நாள், மருத்துவமனையில் எடுத்த அவருடைய கடைசிப் படத்தை முகநூலில் போட்டேன். ‘லைக்குக்காக அம்மாவைக்கூட விடவில்லையா’ என்று என் பெரியப்பா மகன் அதன் கீழே எழுதினான். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட, இன்று பாதிக் குடும்பம் என்னோடு பேசுவதில்லை. அன்றிரவு எத்தனை லைக் விழுந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததும் உண்மை. நான் பிறர் கவனத்துக்கு அலைகிறவளா? கணக்கை மூடிவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் ஐந்து பக்கங்களையும் படித்தேன். மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். சில வாரங்களாக ஒப்பாரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுதத் தோன்றியது. கணக்கை மூடுவது உங்கள் விருப்பம்.

1994இல் என் அப்பா இறந்தபோது, வரப்புத் தகராறால் 11 ஆண்டுகள் எங்கள் வாசலை மிதிக்காதிருந்த அத்தை, தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்து மாரில் அடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது 22 வயது. ‘ஊர் பார்க்கிறதுக்காக அழறாங்க’ என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, ‘ஊர் பார்க்காம வேற எங்கடா போய் அழுவா?’ என்றார். அத்தையின் ஒப்பாரியில் அப்பாவின் பெயர் இரண்டு முறைதான் வந்தது. வாழ்க்கைப்பட்ட வீட்டில் பட்டது, பறிகொடுத்த பிள்ளை, பிறந்த வீட்டில் இனித் தன்னை ‘வா’ என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்பது, இவையே மீதியெல்லாம். சுற்றியிருந்த பெண்களில் ஒருவர்கூட அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

துக்கத்தை நாலு பேர் காணவேண்டும் என்று நினைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. லைக்கை எண்ணியதற்காகக் கூசுகிறீர்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணாத இழவு வீடு எங்கே இருக்கிறது? அந்தக் கூச்சத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், அம்மா.

ஆனால் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒன்றை என்னால் விட முடியவில்லை. படத்துக்கு மேலே ‘இருக்கும்போது வராதவர்கள் இனி வரவே வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏன் முதல் பக்கத்தில் சொல்லவில்லை? அந்தப் பெரியப்பா மகன் துபாயில் வேலை செய்கிறான், விடுப்புக் கிடைக்காமல் வர முடியவில்லை என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் எழுதியது கொடூரம், அதை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவன் வரியை மட்டும் வெட்டி முதலில் வைத்து, உங்கள் வரியை நான்காம் பக்கத்தில் வைத்தீர்களே, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் செய்ததும் இதைத்தானே?

தொல்காப்பியத்தில் செய்யுளின் இலக்கணம் சொல்லும் பகுதியான செய்யுளியல் மாத்திரை, எழுத்து, அசை என்று தொடங்கிச் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் கூற்றை அடுத்துக் கேட்போர், களன், காலம் ஆகியவை வருகின்றன. சொன்னவர் யார் என்பதைப் போலவே, யார் கேட்க, எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்பதும் செய்யுளின் உடம்பிலேயே சேர்ந்தது என்பதே இதன் பொருள். சங்கப் பாடல்களில் ‘தலைவன் சிறைப்புறத்தானாக’, அதாவது தலைவன் வேலிக்கு வெளியே நிற்க, என்ற குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். தோழி தலைவியிடம் பேசுவதுபோல இரவில் வரும் வழியின் அச்சத்தையும் ஊரார் பேசும் பழிச்சொல்லான அலரையும் பேசுவாள். வேலிக்கு அப்பால் நிற்கும் ஒருவன் அதைக் கேட்டு மணம் பேச வரவேண்டும் என்பதே அவளுடைய நோக்கம். அங்கே நிற்பவன் யார் என்று அவளுக்குத் தெரியும், அந்தச் சொல் தனக்கானது என்று அவனுக்கும் தெரியும். நீங்களும் சிறைப்புறமாகத்தான் பேசினீர்கள். ஆனால் உங்கள் வேலிக்கு அப்பால் 600 பேர் நின்றார்கள், யாருக்குச் சொன்னீர்கள் என்ற குறிப்பும் இல்லை. வராத ஒவ்வொருவரும் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்கள்.

களன் போய்விட்டால் சொல் என்னவாகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018இல் நம் நாட்டில் பரவிய குழந்தை கடத்தல் காணொளி ஒன்று, உண்மையில் கராச்சியில் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், அதே வகை வதந்தியால், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உங்கள் வீட்டுச் சண்டையை அதற்குச் சமமாக வைக்கவில்லை. ஆனால் முன்னும் பின்னும் வெட்டிய ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் குடும்பமும் கோபப்படுகிறது.

அந்தப் பதிவின் கீழே விளக்கம் எழுதாதீர்கள். அங்கே விழும் ஒவ்வொரு பதிலும் அதை இன்னும் பலர் கண்ணில் கொண்டுபோய்க் காட்டும். துபாயில் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. அவன் வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு உட்காரும் பொழுதாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். அம்மாவின் கடைசி நாள்கள் எப்படி இருந்தன என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.