இலையின் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு வேலை செய்கிறது? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவர்): ஐயா, தோட்டத்து நாற்றுமேடையில் செம்பனைக் குருத்தை வெட்டி, ஐஸ் பெட்டியில் கோலாலம்பூர் கொண்டுபோய், ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்துக்கு (ஒவ்வொரு செல்லையும் தனித்தனித் துளியில் அடைத்து, அதில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படிப்பது) புரோட்டோபிளாஸ்ட் (செல்சுவர் நீக்கிய செல்) எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வெட்டுக்காயமும் குளிரும் மரபணுக்களின் போக்கைச் சீக்கிரமே மாற்றிவிடும். ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள், அளக்க மிஞ்சுவது காயத்தின் கலவரம்தான். வெட்டிய கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள். உலர்பனியில் அனுப்பி, மைனஸ் 80 பாகையில் வையுங்கள்.

உறைந்த திசுவில் முழுச் செல் தேறாது, உட்கரு தேறும். ஐஸ்மேல் வைத்த தட்டில், ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) தடுப்பானும், சவ்வைக் கரைக்கும் டிரைட்டன் 0.1 விழுக்காடும் சேர்த்த குளிர்ந்த கரைசல் ஊற்றி, புது பிளேடால் சில நிமிடம் பொடியாக நறுக்குங்கள். செம்பனையில் ஃபீனால் அதிகம், அதைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேர்க்காவிட்டால் கரைசல் பழுப்பாகிவிடும். 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயமிட்டு, உட்கருக்களை மட்டும் பிரித்தெடுங்கள். வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த மாதிரியை வீசிவிடுங்கள். உட்கரு உடைந்து கசியும் ஆர்.என்.ஏ. எல்லாத் துளிகளிலும் கலந்துவிடும்.

கேள்வி: ஆய்வுகளில் மாதிரியாக வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்சிஸின் இலையென்றால்?

பதில்: அதற்குப் புரோட்டோபிளாஸ்ட் சரி. செல்சுவரைக் கரைக்கும் நொதிகளான செல்லுலேஸ் ஆர்-10 1.5 விழுக்காடு, மாசரோசைம் 0.4 விழுக்காடு; செல்லுக்குள் நீர் புகுவதைச் சமன்செய்யும் மானிட்டால் 0.4 மோலார்; பி.ஹெச். 5.7. நொதியை 55 பாகையில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறியபின் கால்சியம் குளோரைடும் பி.எஸ்.ஏ. புரதமும் சேர்க்கவும். இளம் இலைக்கு ஒன்றிரண்டு மணி நேரம், மெதுவான ஆட்டம் போதும். செல் வெடித்தால் மானிட்டால் போதவில்லை; சுருங்கினால் கூடிவிட்டது. கடைசிக் கழுவலில் கால்சியமோ மக்னீசியமோ தங்கக்கூடாது, தலைகீழ் படியெடுப்பைக் (ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் படியை) கெடுக்கும். மீசோஃபில் (இலையின் உட்புறப் பச்சைச் செல்கள்) எளிதில் கழன்று வரும், இலை நரம்புச் செல்கள் எளிதில் வராது. ஆகவே கிடைக்கும் விகிதத்தை இலையின் விகிதமாக எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நொதியே மரபணுக்களைக் கிளறிவிடாதா ஐயா?

பதில்: கிளறும். அதே இலையில் நொதி பட்ட பாதி, படாத பாதி இரண்டிலும் மொத்த ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்துங்கள். பெரிதாக மாறிய மரபணுக்களைப் பட்டியலிட்டு, குழுக்களாகப் பிரிக்கும்போது ஒதுக்குங்கள். இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைக்குப் பணமில்லை என்பவர்கள் முழு ஆய்வையும் தள்ளிப்போடலாம்.

கேள்வி: 10,000 செல்லுக்கு எத்தனை இரட்டை (ஒரே துளியில் இரண்டு செல்) வரும்?

பதில்: செல்களைத் துளிகளில் அடைக்கும் 10எக்ஸ் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தின் வி3.1 கிட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு. மென்பொருளால் நீக்குங்கள். செல்லுக்கு 20,000 ரீட் (வரிசையாக்கும் கருவி படிக்கும் துண்டு) வைத்துத் தொடங்கலாம்.

கேள்வி: எது எந்தச் செல் என்று எப்படிச் சொல்வது?

பதில்: அரபிடாப்சிஸில் இலைத்துளை வரிசைக்கு ஸ்பீச்லெஸ், மியூட், ஃபாமா என்ற மூன்று மரபணுக்களும் அந்த ஒழுங்கில் வரும். மேல்தோலுக்கு ஏ.டி.எம்.எல்.1, உணவு கடத்தும் குழாயை ஒட்டிய துணைச் செல்லுக்கு எஸ்.யு.சி.2. வளரும் இலையில் பிரியும் செல்கள் எந்தத் திசுவாயினும் ஹிஸ்டோன், சைக்ளின் மரபணுக்களால் ஒரே கூட்டமாகச் சேரும்; அதைப் புதுச் செல்வகை என்று நினைத்துவிடாதீர்கள். செம்பனைக்கு ஒத்த மரபணுவை 2013-இல் வெளியான மரபணுத்தொகுதியில் தேடி, இலை வெட்டில் ஆர்.என்.ஏ. சாயமிட்டுச் சரிபார்த்த பிறகே பெயர் சூட்டுங்கள்.